பல் வரிசையும் தாடையின் இடமும்: ஆறு வயது முதல் பெற்றோர் அறிய வேண்டியவை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பல் சீரமைப்புக்கான மனுக்களும் உண்டு. அவற்றைக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளின் பெற்றோர். நிக்காஹ் பேசியாகிவிட்டது, மூன்று மாதத்துக்குள் எத்துப்பல்லைச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர்களின் வேண்டுகோளாக இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்காக வந்து கேட்பவர் மிக அரிது. ஏன் முன்பே காட்டவில்லை என்று விசாரித்தால் இரண்டு பதில்கள் வருகின்றன. “விழுந்து முளைக்கிற பல்தானே, வளர வளரச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம்” என்பது ஒன்று. “அல்லாஹ் படைத்ததைப் போய் மாற்றலாமா என்று தயங்கினோம்” என்பது மற்றொன்று. இந்த இரண்டு பதில்களையும் இம்மாதப் பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.

கோணல் பல்லா? குறுகிய இடமா?

மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் பற்கள் ஒரு குதிரை லாடத்தின் வடிவில் வளைந்து நிற்கின்றன. இதைப் பல் வளைவு என்கிறோம். மேல் வளைவு கீழ் வளைவைவிடச் சற்றுப் பெரியது. டப்பாவின் மூடி அடிப்பாகத்தைத் தழுவி மூடுவதுபோல, வாயை மூடும்போது மேல் பற்கள் கீழ்ப் பற்களுக்குச் சற்று வெளியே அமர வேண்டும். அப்போதுதான் முன்பல் கடிக்கும், கடைவாய்ப் பல் அரைக்கும்.

பள்ளிவாசலில் ஒரு ஸஃப்பை எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர் நிற்கக்கூடிய இடத்தில் பன்னிரண்டு பேர் நின்றால் என்ன ஆகும்? ஒருவர் முன்னே தள்ளப்படுவார், ஒருவர் பின்னே ஒதுங்குவார், ஒருவர் தோளைத் திருப்பிக்கொண்டு நிற்பார். நிற்பவர்களிடம் குறை ஏதும் இல்லை, இடம்தான் போதவில்லை. பற்களின் நெருக்கமும் இப்படித்தான். தெத்துப்பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல், திரும்பி நிற்கும் பல் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பல்லின் அகலத்துக்கும் வளைவின் நீளத்துக்கும் உள்ள பொருத்தக் குறைவு.

இதில் ஒரு செய்தியை மனத்தில் வைக்க வேண்டும். பல் ஈறுக்குள் உருவாகும்போதே அதன் அகலம் முடிவாகிவிடுகிறது. வெளியே முளைத்தபின் அது வளர்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. வளரக்கூடியதும் மாறக்கூடியதும் தாடையும் வளைவும்தான். அந்த வளர்ச்சிக்கும் காலக்கெடு உண்டு.

வளைவை எப்படி அளக்கிறார்கள்?

பல் சீரமைப்பு மருத்துவர் முதலில் வாயை அச்செடுத்து, அதிலிருந்து மாவுக்கட்டுப் பொடியில் மாதிரி ஒன்றை வார்த்து வைத்துக்கொள்வார். சிலர் இப்போது கணினிக் கருவியால் வாயைப் படம்பிடிக்கிறார்கள். அதில் முக்கியமாக மூன்று அளவுகளைப் பார்ப்பார். இடது கோரைப் பல்லிலிருந்து வலது கோரைப் பல் வரை உள்ள அகலம் முதலாவது. இருபுறத்து முதல் பெரிய கடைவாய்ப் பற்களுக்கு இடையே உள்ள அகலம் இரண்டாவது. முன்பல்லிலிருந்து பின்னோக்கிய ஆழம் மூன்றாவது. இவற்றோடு ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் கூட்டிப் பார்த்தால், இருக்கும் இடம் எவ்வளவு, தேவையான இடம் எவ்வளவு என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்துவிடும்.

வடிவத்தையும் பார்ப்பார். முன்புறம் மெல்ல வளைந்து முட்டையின் முனைபோல் இருப்பது ஒரு வகை. முன்பற்கள் ஏறக்குறைய நேர்கோட்டில் நின்று, சதுரம்போல் அகன்றிருப்பது இன்னொரு வகை. முன்னோக்கிக் கூம்பி, இருபுறமும் ஒடுங்கியிருப்பது மூன்றாவது வகை. ஒரு மெல்லிய கழுத்துச் சங்கிலியின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு வளைவு உண்டாகும் அல்லவா? பல் வளைவின் இயல்பான வடிவை விளக்க மருத்துவ நூல்களில் அந்த உதாரணத்தையே காட்டுவார்கள். கைகளை நெருக்கினால் வளைவு கூம்பும், அகற்றினால் விரியும்.

வளைவின் வடிவம் ஓரளவு பரம்பரையாக வருகிறது. வாப்பாவின் தாடையமைப்பு மகனுக்கும், உம்மாவின் தாடையமைப்பு மகளுக்கும் வருவதைக் குடும்பங்களில் பார்க்கிறோம். ஆனால் பரம்பரை மட்டும் காரணம் அல்ல. உள்ளே நாக்கு பற்களை வெளிப்புறம் தள்ளுகிறது. வெளியே உதடும் கன்னமும் உட்புறம் அழுத்துகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே சமநிலை கிடைக்கும் இடத்தில் பல் நிற்கிறது. அந்தச் சமநிலையைப் பல ஆண்டுகளாகக் கெடுக்கும் எந்தப் பழக்கமும் வளைவின் வடிவத்தையும் மாற்றும்.

கடியின் மூன்று வகைகள்

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த முறையை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். ஆறு வயதில் முளைக்கும் முதல் பெரிய கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை வைத்து அவர் மூன்று வகைகளாகப் பிரித்தார்.

முதல் வகையில் கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தியிருக்கும். முன்னால் நெருக்கமோ இடைவெளியோ திருப்பமோ இருக்கும். இங்கே பிரச்சினை பெரும்பாலும் இடம்தான். பல் நெருக்கம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நெருக்கம் உள்ளவர்களின் பல் பெரிதாக இருந்ததைவிட வளைவு சிறிதாக இருந்ததே தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் வகையில் கீழ் வரிசை பின்தங்கியிருக்கும். இதில் ஒரு பிரிவினருக்கு மேல் முன்பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாம் எத்துப்பல் என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இவர்களின் மேல் வளைவு பெரும்பாலும் குறுகிக் கூம்பியிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்குப் பல் பெரிதாகத் தெரியும். உண்மையில் குறுகியிருப்பது வளைவு. இத்தகைய பிள்ளைகள் விளையாடும்போது விழுந்தால் முன்பல் உடையும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இன்னொரு பிரிவினருக்கு மேல் நடுப்பற்கள் உட்புறம் சாய்ந்து, கீழ்ப் பற்களை ஆழமாக மூடியிருக்கும்.

மூன்றாம் வகையில் கீழ் வரிசை முன்னே நிற்கும். வாயை மூடினால் கீழ்ப் பல் மேல் பல்லுக்கு வெளியே வரும். இவர்களிடம் மேல் வளைவு கீழ் வளைவுக்கு ஏற்ற அகலம் இல்லாமல் இருப்பதைப் பரவலாகக் காணலாம். இந்த வகையை எவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை

பால் பற்கள் 20. அவற்றுக்கு இடையே இடைவெளி இருந்தால் சில தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டாம், அது நல்ல அடையாளம். பின்னால் வரும் நிரந்தர முன்பற்கள் நான்கும் பால் பற்களைவிட அகலமானவை. அந்த நான்கின் மொத்த அகலம், பால் பற்கள் நான்கின் அகலத்தைவிட மேலே சுமார் 7.6 மி.மீ., கீழே சுமார் 6 மி.மீ. அதிகம். இந்தக் கூடுதல் இடம் எங்கிருந்து வரும்? பால் பற்களின் இடைவெளியிலிருந்து கொஞ்சம், புதுப் பற்கள் சற்று முன்சாய்ந்து முளைப்பதிலிருந்து கொஞ்சம், கோரைப் பற்களுக்கு இடையே வளைவு விரிவதிலிருந்து கொஞ்சம். கீழ் வளைவில் அந்த விரிவு சுமார் 3 மி.மீ. அளவே. அதுவும் முன்பற்கள் முளைக்கும் ஆறு முதல் ஒன்பது வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதன் பிறகு கீழே முன்பகுதி தானாக அகன்று இடம் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. “வளர வளரச் சரியாகிவிடும்” என்ற பதில் இங்கேதான் தவறிப்போகிறது.

ஆறு வயதில் இன்னொரு நிகழ்வும் நடக்கிறது. பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. பல் எதுவும் விழாததால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும் கவனிப்பதில்லை. அது ஆயுள் முழுவதற்குமான பல். கடியின் அளவுகோலும் அதுவே.

ஒன்பது வயதுக்குப் பிறகு கையில் இருக்கும் ஒரே சேமிப்பு பால் கடைவாய்ப் பற்களின் இடம். அவை, அவற்றின் இடத்தில் முளைக்கப்போகும் முன்கடைவாய்ப் பற்களைவிட அகலமானவை. கோரைப் பல்லையும் சேர்த்துக் கணக்கிட்டால் மேலே ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.9 மி.மீ., கீழே ஒரு பக்கத்துக்குச் சுமார் 1.7 மி.மீ. மிச்சமாகும். ஹேஸ் நான்ஸ் என்ற மருத்துவர் 1947-இல் எடுத்துக்காட்டிய கணக்கு இது. சொத்தையினால் பால் கடைவாய்ப் பல்லை ஏழு, எட்டு வயதிலேயே பிடுங்கிவிட்டால், பின்னால் இருக்கும் பெரிய பல் நகர்ந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து, பதினொரு வயதில் வர வேண்டிய பல்லுக்கு இடம் இராது. எனவே விழப்போகும் பல்தானே என்று சொத்தையை விட்டுவிடக் கூடாது. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இடத்தைக் காத்துவைக்கும் சிறு கம்பி வளையம் பொருத்த முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் பயப்பட வேண்டாதது. எட்டு முதல் பதினொரு வயது வரை மேல் நடுப்பற்களுக்கு இடையே சந்து விழுந்து, பற்கள் விசிறிபோல் விரிந்து நிற்கலாம். மேலே கோரைப் பற்கள் இறங்கியதும் பெரும்பாலும் அந்தச் சந்து தானே மூடிவிடும்.

வளைவைக் குறுக்கும் பழக்கங்கள்

விரல் சூப்புதல்: மூன்று, நான்கு வயது வரை கவலை இல்லை. நிரந்தரப் பல் முளைக்கும் வயதிலும் தொடர்ந்தால் நாக்கு கீழே இறங்கிக் கிடக்கும், கன்னங்கள் மேல் வளைவை நெருக்கும், முன்பல் வெளியே தள்ளும். அடித்தும் வேப்பெண்ணெய் தடவியும் மிரட்டுவதைவிட, பிள்ளையிடம் பேசிப் பழக்கத்தை விடச் செய்வதே பயன் தரும்.

வாயால் மூச்சுவிடுதல்: மூக்கின் பின்னே சதை வளர்ந்தோ, ஒவ்வாமையாலோ மூக்கடைத்த பிள்ளை இரவெல்லாம் வாயைத் திறந்தே தூங்கும். இதுவும் மேல் வளைவைக் குறுக்கி அண்ணத்தை உயர்த்தக்கூடியது. இவர்களுக்கு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் தேவை.

பால் புட்டி: விரும்புவோர் முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டலாம் என்பது அல்பகரா அத்தியாயத்தில் வரும் வழிகாட்டல். தாய்ப்பாலை நீண்ட காலம் குடித்த பிள்ளைகளிடம் பின்பற்கள் குறுக்காகக் கடிப்பது குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சீனி கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிட்டால் பால் பற்கள் சீக்கிரம் சொத்தையாகும்.

மென்மையான உணவு: மெல்லும் வேலைதான் தாடைக்கு உடற்பயிற்சி. ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1980-களில் வட இந்தியாவில் கிராமத்து இளைஞரையும் நகரத்து இளைஞரையும் ஒப்பிட்டார். மென்மையான உணவுக்குப் பழகிய நகரத்தாரிடம் கடிக்கோளாறு அதிகம் இருந்ததாக எழுதினார். காரணம் உணவு மட்டும்தானா என்பதில் அறிஞரிடையே விவாதம் உண்டு. ஆனாலும் பிஸ்கட்டைப் பாலில் நனைத்தே கொடுப்பதைவிட, வயதுக்கேற்றபடி வேர்க்கடலை, கொய்யா, கேரட் என மென்று தின்னக் கொடுப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எந்த வயதில் எது முடியும்?

மேல் தாடை நடுவில் இணைந்த இரண்டு பாகங்கள் கொண்டது. சிறு வயதில் அந்த இணைப்பு இறுகியிருக்காது. அண்ணத்தில் ஒரு சிறு திருகுக் கருவியைப் பொருத்தி, மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகத் திருகினால் எலும்பே விரிந்து மேல் வளைவு அகலும். இந்த முறை 1860-லேயே எழுதப்பட்டுவிட்டது. பருவ வயது தாண்டத் தாண்ட இணைப்பு இறுகிவிடுவதால் இது கடினமாகும், சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படும். கீழ்த் தாடையின் இரு பாகங்களோ குழந்தையின் முதல் வயதுக்குள்ளேயே ஒன்றாகிவிடுகின்றன. அதை இப்படி விரிக்க முடியாது.

அதனால்தான் ஏழு வயதிலேயே ஒருமுறை காட்டும்படி சீரமைப்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஏழு வயதில் எல்லோருக்கும் கம்பி போட வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கவனித்துவந்தாலே போதும்.

வயது வந்தபின் சிகிச்சையே இல்லை என்றும் எண்ண வேண்டாம். முப்பது வயதிலும் பற்களை நகர்த்தலாம். ஆனால் இடம் வேண்டுமென்றால் முன்கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டிவரலாம். காலமும் பொதுவாக ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். கம்பி கழற்றியபின் பற்களை நிலைநிறுத்தும் தகட்டையும் மருத்துவர் சொல்லும் காலம்வரை அணிய வேண்டும். வளைவு தன் பழைய வடிவுக்குத் திரும்ப முயலும் இயல்புடையது. குறிப்பாகக் கீழ்க் கோரைப் பற்களுக்கு இடையே வலிந்து விரித்த அகலம் நிலைப்பது அரிது.

நிக்காஹ் அவசரத்துக்காகச் சிலர் வேறு வழி தேடுகிறார்கள். நோயற்ற பற்களையும் நன்றாகத் தேய்த்துக் குறுக்கி, மேலே கேப் போட்டு வரிசையாகக் காட்டுவது அந்த வழி. தேய்த்த பல் மீண்டும் வளராது. கேப்புகளையும் ஆயுளில் சிலமுறை மாற்ற வேண்டிவரும். இருபது வயதுப் பெண்ணின் நல்ல பற்களை ஒரு நாள் மேடைக்காக இழப்பதைப் பெற்றோர் நிதானமாக யோசிக்க வேண்டும்.

மார்க்கத்தின் பார்வையில்

அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கி அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் பற்றிக் கண்டிப்பான ஹதீஸ் உள்ளது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பது, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறுவது. இதைக் கேள்விப்பட்டே சிலர் கம்பி போடத் தயங்குகிறார்கள். தயக்கம் ஈமானிலிருந்து வருவது; அதை மதிக்கிறோம். ஆனால் அந்த ஹதீஸில் ‘அழகுக்காக’ என்ற சொல் இருப்பதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் விரிவுரையில் சுட்டிக்காட்டுகிறார்கள். சிகிச்சைக்காகவோ, பல்லில் உள்ள குறையை நீக்கவோ செய்வது இந்தத் தடையில் சேராது என்றும் விளக்குகிறார்கள்.

போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் அடித்தது. தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடை என்ற நிலையிலும், தேவைக்காக அந்த அனுமதி கிடைத்தது. ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டுவதற்கும் உலமாக்கள் இதையே ஆதாரமாகக் கொண்டார்கள்.

ஆக, கடிக்க முடியாத, மெல்ல முடியாத, ஈறில் குத்துகிற, பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சப்படும் அளவுக்குக் கோணிய பல்லைச் சீராக்குவது குறையை நீக்குவதே. குறையற்ற பல்லை நாகரிகத்துக்காகத் தேய்ப்பது வேறு. தம் பிள்ளையின் நிலை எதில் சேரும் என்ற ஐயம் உள்ளவர்கள் மருத்துவரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு, நம் இமாம் அவர்களிடம் விளக்கம் பெறலாம்.

கம்பி போட்ட பிள்ளைகளின் சுத்தம் பற்றியும் கேட்கிறார்கள். கம்பியால் உளூவுக்குத் தடை இல்லை. குளிப்புக் கடமையானால் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத், ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு. கழற்றக்கூடிய தகட்டைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். ஒட்டிய கம்பியைக் கழற்ற முடியாததால் அதன் அடியில் நீர் படாதது மன்னிக்கப்பட்டது என உலமாக்கள் கூறுகின்றனர். நோன்பு நாட்களில் ஸஹர் முடிந்ததும் கம்பி இடுக்கில் உணவு தங்காமல் துலக்கிவிட வேண்டும். தூய்மைக்கு மிஸ்வாக்கை இவ்வளவு வலியுறுத்திய உம்மத் நாம்; கம்பி போட்ட வாய்க்கு அந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

ஒரு வெளிச்சமான காலையில் பிள்ளையை எதிரில் உட்கார வைத்து இவற்றைப் பாருங்கள்.

1. பின்பற்களைக் கடித்தபடி உதட்டை விரிக்கச் சொல்லுங்கள். மேல் பற்கள் எல்லாப் பக்கமும் கீழ்ப் பற்களுக்கு வெளியே இருக்கின்றனவா?
2. வாயை மூடும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா?
3. கீழ் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா?
4. உதடுகள் சிரமமின்றி மூடுகின்றனவா? தூக்கத்தில் வாய் திறந்திருக்கிறதா?
5. பின்னால் இருக்கும் ஆறு வயதுக் கடைவாய்ப் பற்களில் கறுப்புப் புள்ளி ஏதும் உண்டா?
6. பால் பல் விழாமலேயே நிரந்தரப் பல் பின்னால் முளைத்து, மாதக் கணக்கில் அப்படியே இருக்கிறதா?

ஒன்றில் ஐயம் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. செலவுக்கு வழியில்லாதவர்கள் சென்னையிலும் சிதம்பரத்திலும் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம்.

நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கும் மனுச் செய்யலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்தும் பரிசீலிக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையின் மனுவைக் கொண்டுவரக் கூச்சப்பட வேண்டாம். வசதியுள்ளவர்கள் ஏழைப் பிள்ளை ஒன்றின் சிகிச்சைப் பொறுப்பை ஏற்க முன்வந்தால், அந்தப் பிள்ளை பல ஆண்டுகள் நன்றாக மென்று உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான உடலையும் நல்ல நாவையும் மலர்ந்த முகத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.